பார்த்ததைச் சொல்வோம்: பள்ளியில் சக பணியாளர்களை வழிநடத்தும் திறன்கள்

22 ஆண்டுகள் பட்டதாரி ஆசிரியராக அறிவியல் நடத்திய பிறகு, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்றேன். பொறுப்பேற்ற அன்று சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, பணப் பதிவேடு, வருகைப் பதிவேடு என ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாங்கினேன். 14 ஆசிரியர்கள், ஓர் இளநிலை உதவியாளர், ஓர் ஆய்வக உதவியாளர், ஒரு துப்புரவுப் பணியாளர், ஓர் இரவுக் காவலர் ஆகிய 18 பேரையும் அன்றே பொறுப்பேற்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. 40 குழந்தைகள் உள்ள வகுப்பை எப்படி நடத்துவது என்று கல்வியியல் கல்லூரியில் கற்றிருந்தேன். 18 பெரியவர்களை எப்படி வழிநடத்துவது என்று எங்கும் கற்றதில்லை. செய்து, தவறி, திருத்திக்கொண்டுதான் கற்றேன். அந்தத் தவறுகளில் ஒன்றுக்கான விலையை ஓர் இளம் ஆசிரியரும் 34 மாணவர்களும் கொடுத்தார்கள். அதிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

ஜூலை மாதம். மதியம் ஆறாவது பாடவேளை. ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவிலிருந்து இரைச்சல் என் அறை வரை கேட்டது. எழுந்து போனேன். கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. வாசலில் நின்றபடியே, “இங்க என்ன சந்தையா நடக்குது?” என்று சத்தம் போட்டேன். வகுப்பு அடங்கிவிட்டது. ஆசிரியர் சாக்கட்டியோடு அப்படியே நின்றார். கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு அறைக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு அந்த வகுப்பிலிருந்து வாரத்துக்கு நான்கைந்து மாணவர்கள் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். “சார் அனுப்பினாரு மேடம்” என்பார்கள். நானும் கண்டித்து அனுப்புவேன். காலாண்டுத் தேர்வில் அந்த வகுப்பில் 34 பேரில் 19 பேர் கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை. மதிப்பெண் பட்டியலோடு அவரை அழைத்துக் காரணம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றவர் சொன்னார்:

“நீங்க அன்னைக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போன பிறகு, அந்த வகுப்பு என் வகுப்பா இல்ல மேடம். ‘மேடத்தக் கூப்பிடட்டுமா சார்?’னு பசங்களே என்கிட்ட கேக்கறாங்க. அடுத்த கலந்தாய்வுல நான் மாறுதல் கேட்டுப் போயிடறேன்.”

இரைச்சலைத்தான் அடக்கினேன் என்று நினைத்திருந்தேன். மாணவர் முன்னிலையில் அவருக்கிருந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மேற்பார்வை என்பது எது?

பாடக்குறிப்பேட்டில் வாரந்தோறும் சிவப்பு மையில் கையெழுத்திடுவதையே மேற்பார்வை என்று நம்பியிருந்தேன். அந்தக் கணித ஆசிரியரின் பாடக்குறிப்பேடு பள்ளியிலேயே சிறந்தது. ஒரு வாரம்கூட தவறியதில்லை. குறிப்பேட்டைப் பார்த்த நான் வகுப்பைப் பார்க்கவில்லை.

இன்று எனக்குத் தெரிந்த மேற்பார்வை இதுதான்: வேலை நடக்கும் இடத்தில் இருந்து பார்ப்பது, பார்த்ததை உரியவரிடம் தனியே சொல்வது, வேலையைத் தகுதியறிந்து பகிர்வது, பகிர்ந்த பிறகு கைவிடாமல் தொடர்வது. இந்த நான்கும் குணங்கள் அல்ல, திறன்கள். மிதிவண்டி ஓட்டுவதைப் போலப் பழகினால் வரும்.

‘இது தலைமையாசிரியர்களுக்கான செய்தி’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வகுப்பாசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருக்கிறார். தேர்வுக் குழுப் பொறுப்பாசிரியர், கலைத் திருவிழாப் பொறுப்பாசிரியர், சுற்றுலா அழைத்துச் செல்பவர் என நாம் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் சக ஆசிரியரிடம் வேலை வாங்குகிறோம். அந்த நாளில் நமக்குத் தேவைப்படுவதும் இதே திறன்கள்தாம்.

திறன் 1: கண்டதையும் கருதியதையும் பிரித்தல்

கணித ஆசிரியரிடம், “உங்க வகுப்புல ஒரு பாடவேளை உட்கார்ந்து பாக்கலாமா? எந்த நாள், எந்தப் பாடம்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டேன். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். அக்டோபரில் ஒரு புதன்கிழமை, காரணிப்படுத்துதல் பாடம். மணி அடிக்கும் முன்பே போய்க் கடைசி இருக்கையில் அமர்ந்தேன். பாடவேளை முடியும் வரை எழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டிருந்தேன்.

குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். இடப்பக்கம் ‘கண்டது’. வலப்பக்கம் ‘கருதியது’. என் கை முதலில் வலப்பக்கமே போயிற்று. ‘வகுப்பில் கட்டுப்பாடு இல்லை’ என்று எழுதினேன். அது நான் கண்டது அல்ல, என் முடிவு. இதைக் கேட்டு எந்த ஆசிரியரும் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு இடப்பக்கம் எழுதத் தொடங்கினேன்.

2.10 முதல் 2.17 வரை ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதினார். மாணவர்களுக்கு முதுகு காட்டி நின்றார். அந்த ஏழு நிமிடத்தில் பின் இரு வரிசைகளில் இருந்த 11 பேர் எதுவும் எழுதவில்லை.

2.17க்குத் திரும்பி விளக்கினார். பேச்சு நின்றது. விளக்கம் தெளிவாக இருந்தது.

2.25க்கு ஒரு கணக்குக் கொடுத்தார். முன்வரிசையில் ஆறு பேர் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் முடிக்கும் வரை அவர்களுக்கு வேலை இல்லை. பேச்சு அவர்களிடமிருந்துதான் தொடங்கியது.

விடை சொல்ல எழுப்பப்பட்டவர்கள் ஐந்து பேர். ஐவரும் முன் இரு வரிசையினர்.

பாடவேளை முடிந்தபோது வலப்பக்கத்தில் நான் எழுதிய வரி தவறு என்று இடப்பக்கம் சொன்னது. அந்த வகுப்பில் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. மாணவர்களுக்கு வேலை இல்லாத இடைவெளிகள் இருந்தன. இரைச்சல் அந்த இடைவெளிகளில்தான் எழுந்தது. ஜூலை மாதம் வாசலில் நின்ற ஒரு நிமிடத்தில் இது எனக்குத் தெரிய வழியே இல்லை.

வகுப்பு உற்றுநோக்கலுக்கு நான் பின்பற்றும் நடைமுறை இது: நாளைச் சொல்லிவிட்டுப் போவது, முழுப் பாடவேளையும் இருப்பது, நேரம், எண்ணிக்கை, ஆசிரியரும் மாணவரும் சொன்ன சொற்கள் ஆகியவற்றையே எழுதுவது, ஆசிரியரைப் பார்க்கும் நேரத்தைவிடக் கூடுதலாக மாணவர்களைப் பார்ப்பது, எழுதியதை ஆசிரியரிடமே படிக்கக் கொடுப்பது.

திறன் 2: தனியே, அன்றே, ஒன்றை மட்டும்

பார்த்ததைச் சொல்வது அடுத்த திறன். இதில் நான் கற்றவை மூன்று.

முதலாவது, திருத்தம் சொல்வது தனியிடத்தில். மாணவர், பெற்றோர், சக ஆசிரியர், ஆய்வுக்கு வந்த அலுவலர் என யார் முன்னிலையிலும் வேண்டாம். வகுப்பில் உடனே நிறுத்தியாக வேண்டிய ஆபத்து இருந்தால் மட்டும் உடனே நிறுத்தலாம்.

இரண்டாவது, அன்றே சொல்வது. நாளை மறுநாள் சொன்னால் அவருக்கும் நினைவிருக்காது, நமக்கும் கண்டது கரைந்து கருதியது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு திருத்தம். நான் நான்கு குறைகளைக் கண்டிருந்தாலும் நான்கையும் சொன்னால் அவர் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த ஒன்றைச் சரிசெய்தால் மற்றவை தாமாகக் குறையுமோ அதை எடுக்க வேண்டும்.

அன்று மாலை நடந்த பேச்சை நினைவிலிருந்து தருகிறேன்.

“தம்பி, இன்னைக்கு வகுப்பு எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தோணுது?”

“விளக்கும்போது கவனிச்சாங்க மேடம். கணக்குப் போடச் சொன்னாத்தான் சத்தம் வந்துடுது.”

“நானும் அதைத்தான் பார்த்தேன். நீங்க விளக்கின எட்டு நிமிஷமும் ஒருத்தரும் பேசல. இதை எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க. சத்தம் எங்க எங்க வந்துதுன்னு நேரம் போட்டிருக்கேன். இதைப் படிச்சா உங்களுக்கு என்ன தெரியுது?”

அவர் படித்தார். “போர்டுல எழுதும்போதும், சீக்கிரம் முடிச்சவங்க சும்மா இருக்கும்போதும்” என்றார்.

“இந்த ரெண்டுல எதை முதல்ல எடுத்துக்கலாம்?”

“கணக்கை முன்னாடியே சார்ட்ல எழுதிட்டு வந்துடறேன் மேடம். அப்போ திரும்பி நிக்கவே வேண்டாம்.”

“சரி. அடுத்த புதன்கிழமை வரைக்கும் அதைச் செஞ்சு பாருங்க. நான் மறுபடியும் வந்து பத்து நிமிஷம் மட்டும் உட்கார்றேன். சார்ட் தாளை இன்னைக்கே அலுவலகத்துல வாங்கிக்குங்க.”

வழியைக் கண்டவர் அவர். நான் கேட்டது மூன்று கேள்விகள். கொடுத்தது ஒரு தேதியும் கொஞ்சம் தாளும். ‘சார்ட்ல எழுதிட்டு வாங்க’ என்று நானே சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பார். நான் வருகிற புதன்கிழமை மட்டும் செய்திருப்பார்.

பாராட்டையும் இதே அளவுகோலில் சொல்ல வேண்டும். ‘நல்லா பண்றீங்க’ என்பது காதில் இனிக்கும். கையில் எதுவும் தராது. ‘நீங்க விளக்கின எட்டு நிமிஷமும் ஒருத்தரும் பேசல’ என்பதில் எதைத் தொடர வேண்டும் என்ற செய்தி இருக்கிறது.

இன்னொன்றும் மிச்சமிருந்தது. ஜூலையில் நான் செய்ததற்கு அவரிடம் என் அறையில் வருத்தம் தெரிவித்தேன். ஆனால் தவறு நடந்த இடம் என் அறை அல்ல. அடுத்த புதன்கிழமை குறிப்பேட்டோடு ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்குப் போனேன். “நான் அன்னைக்கு உங்க சார் பாடம் நடத்தும்போது குறுக்க வந்து சத்தம் போட்டது சரியில்ல. இன்னைக்கு உங்களோட உட்கார்ந்து கணக்குப் போடப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்தேன். நடுவில் உண்மையாகவே ஓர் இடத்தில் எனக்கு ஐயம் வந்தது. கையை உயர்த்தி, “சார், அந்த நடு உறுப்பை எப்படிப் பிரிச்சீங்க?” என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்று விளக்கினார். மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த வகுப்பிலிருந்து என் அறைக்கு மாணவர்கள் வருவது படிப்படியாகக் குறைந்தது. திருத்தத்தைத் தனியே சொல்ல வேண்டும். மன்னிப்பைத் தவறு நடந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

திறன் 3: வேலையைப் பகிர்தல்

திருக்குறளில் 52ஆவது அதிகாரத்தின் பெயர் ‘தெரிந்து வினையாடல்’. ஒரு வேலையை யாரால் முடிக்க முடியும் என்று ஆராய்ந்து, தெளிந்த பின் அதை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். நான் முதல் பாதியைச் செய்தேன், அதையும் தவறாகச் செய்தேன்.

எங்கள் பள்ளியில் கணினியில் கைதேர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். எமிஸ் பதிவை அவரிடம் கொடுத்தேன். முடித்தார். உதவித்தொகைப் பட்டியலைக் கொடுத்தேன். முடித்தார். முடிப்பவரிடமே மேலும் மேலும் கொடுத்தேன். ஒருநாள் எல்லாக் கூடுதல் பணிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விலையில்லாப் பாடநூல் வழங்கல், பேருந்துப் பயண அட்டை, நூலகம், தேர்வுப் பணி, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப்படை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட ஏற்பாடு, தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வுப் பயிற்சி என மொத்தம் 31 பணிகள். அவற்றில் 11 அவர் ஒருவரிடம் இருந்தன. நான்கு பேரிடம் ஒன்றுகூட இல்லை. அந்த 11 பணிகளுக்கான நேரம் அவருடைய ஏழாம் வகுப்பிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. திறமையாக வேலை செய்ததற்கு அவருக்கு நான் கொடுத்த பரிசு இன்னும் கூடுதல் வேலை.

அந்தத் தாளை ஆசிரியர் அறையில் ஒட்டினேன். யாரையும் குறை சொல்லவில்லை. “இதைப் பார்த்து யார் எதை எடுத்துக்கலாம்னு வெள்ளிக்கிழமை பேசுவோம்” என்றேன். ஒன்பது பணிகள் கூட்டம் தொடங்கும் முன்பே கைமாறிவிட்டன.

எங்கள் தமிழாசிரியர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வயதில் மூத்தவரிடம் வேலை சொல்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததால் அவரிடம் எதையுமே கொடுக்காமல் இருந்தேன். அதை அவர் மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒதுக்கப்பட்டதாகவே எடுத்துக்கொண்டார் என்பது பின்னால் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் சரளமாக வாசிக்கத் தெரியாத ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள். “ஐயா, இந்தக் குழந்தைகள நீங்க பாத்துக்கிட்டா நல்லா இருக்கும்” என்று கேட்டேன்.

“நீங்க சொல்ற மாதிரி செய்யணுமா, இல்ல என் வழியில செய்யலாமா?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. வேலையைக் கொடுக்கும்போது நாம் சொல்ல மறப்பது இதைத்தான். “எந்த நூல், எந்த முறை, யாரை எந்த வரிசையில, எல்லாம் உங்க முடிவு ஐயா. ரெண்டே நிபந்தனை. உடற்கல்விப் பாடவேளைய எடுக்க வேண்டாம். மாசம் ஒரு தடவ ரெண்டு பேர் வாசிக்கிறத நான் கேக்கணும்” என்றேன். மார்ச் மாதத்துக்குள் ஒன்பது பேரில் ஏழு பேர் பாடநூலைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தார்கள்.

ஒரு வேலையை ஒப்படைக்கும் முன் ஆறு செய்திகள் தெளிவாகிவிட வேண்டும்: முடிந்த பிறகு அது எப்படி இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், எவற்றை அவரே முடிவு செய்யலாம், எவற்றுக்கு என்னைக் கேட்க வேண்டும், என்ன உதவியும் நேரமும் கிடைக்கும், இடையில் எந்த நாளில் பார்த்துப் பேசுவோம். ஆறாவதை விட்டுவிட்டால் கடைசி நாளில் நாமே பதறி அந்த வேலையைப் பிடுங்கிச் செய்வோம். அடுத்த முறை அந்த ஆசிரியர் பொறுப்பேற்க முன்வர மாட்டார்.

திறன் 4: ஒருவருக்கு ஒரு வாயிலிருந்து ஆணை

மேற்பார்வை ஆசிரியர்களோடு முடிவதில்லை. கழிப்பறைத் தூய்மை சரியில்லை என்று எங்கள் துப்புரவுப் பணியாளரை அழைத்துக் கேட்டேன். “ஒரு டீச்சர் ஆறாம் வகுப்பக் கூட்டச் சொல்றாங்க. கூட்டிட்டிருக்கும்போதே இன்னொரு சார் டீ வாங்கிட்டு வரச் சொல்றாரு. ஆபீஸ்ல நாற்காலியத் தூக்கிப் போடச் சொல்றாங்க. எதை மொதல்ல செய்யறதுன்னே தெரியல மேடம்” என்றார் அந்த அக்கா.

பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளரான ஹென்றி ஃபயோல் 1916இல் வெளியிட்ட நிர்வாக நூலில் 14 கோட்பாடுகளைத் தந்தார். வணிகவியல் படித்தவர்களுக்கு அவை நினைவிருக்கும். அவற்றுள் ஒன்று, ஒரு பணியாளர் ஒரே மேலாளரிடமிருந்து மட்டுமே ஆணை பெற வேண்டும் என்பது. சுரங்கத்துக்குச் சொன்னது பள்ளிக்கும் பொருந்துகிறது. அன்றாட வேலைகளை நேரப்படி ஓர் அட்டையில் எழுதி அந்த அக்காவிடம் படித்துக்காட்டி ஒட்டினோம். கூடுதல் வேலை இருந்தால் உதவித் தலைமையாசிரியர் வழியாக மட்டுமே சொல்வது என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்தோம். தேநீர் வாங்குவது பட்டியலில் இல்லை. அதை நாங்களே பார்த்துக்கொண்டோம். கழிப்பறை ஒரு வாரத்தில் மாறியது.

சத்துணவு மையம் இதற்கு மாறான நிலை. சத்துணவு அமைப்பாளர் சமூக நலத் துறையைச் சேர்ந்தவர். அவர் நம் பணியாளர் அல்லர், ஆனால் நம் குழந்தைகள் உண்கிறார்கள். இங்கே ஆணையிடுவதைவிட அன்றாடம் உடனிருப்பதே பலன் தரும். பரிமாறும் முன் உணவைச் சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதோடு, ‘இன்னைக்குச் சாம்பார் நல்லா இருந்துச்சும்மா’ என்று சொல்லும் பழக்கமும் இருந்தால், அரிசி சரியில்லாத நாளில் அவரே முதலில் வந்து நம்மிடம் சொல்வார்.

திறன் 5: தவறு தொடரும்போது

இதுவரை படித்தவர்கள், ‘இனிமையாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா?’ என்று கேட்கலாம். ஆகாது. இரண்டு அனுபவங்கள்.

ஓர் ஆசிரியை ஆறு வேலை நாட்களில் நான்கு நாள் 15 முதல் 25 நிமிடம் தாமதமாக வந்தார். குறிப்பாணை எழுதி வைத்துவிட்டேன். கொடுக்கும் முன் கூப்பிட்டுக் கேட்டேன். அவருடைய தாயாருக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடந்துவந்தது. காலையில் அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு வருகிறார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதங்களுக்கு அந்த நாட்களில் முதல் பாடவேளை இல்லாமல் அவருடைய கால அட்டவணையை மாற்றினோம். விதிப்படியான அனுமதியையும் விடுப்பையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னேன். அவருக்குப் பதிலாக முதல் பாடவேளையை ஏற்றவருக்குக் கடைசிப் பாடவேளையைக் குறைத்தோம். ஒருவர் மீதான பரிவு இன்னொருவர் தலையில் சுமையாக விழுந்தால் அது நீடிக்காது.

இன்னோர் ஆசிரியரிடம் இதே முறையில் மூன்று முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டார், மறுவாரமே பழையபடி. ஒவ்வொரு பேச்சின் தேதியையும் அவர் ஒப்புக்கொண்டதையும் என் நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். நான்காவது முறை விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். அதில் ‘பொறுப்பற்றவர்’, ‘அலட்சியமானவர்’ போன்ற சொற்கள் இல்லை. தேதி, வந்த நேரம், ஆசிரியரின்றி இருந்த வகுப்பு, முன்பு பேசிய மூன்று நாட்கள், இவை மட்டுமே இருந்தன. கோபப்பட்டார். சில மாதங்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேரத்துக்கு வந்தார். அவருடைய வகுப்புக் குழந்தைகளுக்கு முதல் பாடவேளை திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டும் என்ற ஆசையை நாற்காலியில் அமரும்போது கொஞ்சம் கழற்றி வைக்கத்தான் வேண்டும்.

தனியே பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. பணம், சான்றிதழ் தொடர்பான முறைகேடுகளை அன்றே எழுத்து வழியாக மேலலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’, ‘நம் ஆசிரியர்தானே’ என்ற எண்ணங்களுக்கு அங்கே இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஆசிரியர் அறையிலும் மாணவர் கண்ணில் படும் இடத்திலும் இருக்கட்டும்.

கூட்டம் குறித்து ஒரு சொல்

எங்கள் ஆசிரியர் கூட்டங்கள் முன்பு ஒரு மணி நேரம் நடக்கும். 50 நிமிடம் நான் சுற்றறிக்கைகளைப் படிப்பேன். இப்போது சுற்றறிக்கைகள் சுற்றுப் பதிவேட்டில் போகின்றன, படித்துக் கையெழுத்திடுகிறார்கள். கூட்டம் 25 நிமிடம்தான். முடிவெடுக்க வேண்டியவை மட்டும் முதல் நாளே பலகையில் எழுதப்படும். பணியில் இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில் பேசுவேன். நான் முதலில் பேசிய காலத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள். இப்போது மறுத்துப் பேசுகிறார்கள். முடிவுகள் அதனால் மேம்பட்டிருக்கின்றன.

ஈராசிரியர் பள்ளியில்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இன்னொரு வகுப்பில் போய் அமர நேரம் ஏது? குறுவள மையக் கூட்டத்தில் ஒருவர் சொன்ன வழி எனக்குப் பிடித்திருந்தது. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் இரு ஆசிரியர்களும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே அறையில் அமர்த்துகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார் அல்லது ‘எண்ணும் எழுத்தும்’ செயல்பாட்டை நடத்துகிறார். மற்றவர் பின்னால் அமர்ந்து குழந்தைகளைக் கவனித்து ‘கண்டது’ எழுதுகிறார். அடுத்த வாரம் இடம் மாறுகிறார்கள். தலைமையாசிரியரின் பாடத்தையும் உதவி ஆசிரியர் பார்த்துச் சொல்கிறார். பார்க்கப்படுவதற்கு முதலில் நாம் முன்வந்தால், மற்றவர் வகுப்பின் கதவு தானாகத் திறக்கும்.

செய்து பார்க்க: நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: ஒரு பாடவேளையை உற்றுநோக்கி, ‘கண்டது’, ‘கருதியது’ என இரு பத்திகளில் எழுதுங்கள். உங்கள் வகுப்பையும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம்: இருவரிடம், நீங்கள் கண்ணால் கண்ட ஒரு செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். ஒருவரிடம் ஒரே ஒரு திருத்தத்தைத் தனியே, கேள்வியில் தொடங்கிப் பேசுங்கள்.

மூன்றாம் வாரம்: பள்ளியின் கூடுதல் பணிகளைப் பட்டியலிட்டு யாரிடம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பணியை, மேலே சொன்ன ஆறு செய்திகளோடு புதியவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

நான்காம் வாரம்: முன்பு பேசியவர்களிடம் சொன்ன தேதியில் மறுபடி செல்லுங்கள். மாறியது எது, மாறாதது எது, உங்களால் தடைபட்டது எது என்று கேளுங்கள்.

கலந்துரையாட

1. உங்களை யாராவது பிறர் முன்னிலையில் திருத்திய நாள் நினைவிருக்கிறதா? அதன் பிறகு உங்கள் வேலையில் என்ன மாறியது?

2. உங்கள் பள்ளியில் ‘முடிப்பவர்’ யார்? அவருடைய வகுப்பு எப்படி இருக்கிறது?

3. ஒருவருக்குப் பரிவு காட்டும்போது அதன் சுமை யார் மீது விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

கணித ஆசிரியர் அடுத்த கலந்தாய்வில் விண்ணப்பிக்கவில்லை. முழு ஆண்டுத் தேர்வில் அந்த வகுப்பில் கணிதத்தில் தேர்ச்சி பெறாதவர்கள் 19 பேரிலிருந்து 7 பேராகக் குறைந்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களைத் தாளில் எழுதி அவரே என்னிடம் கொண்டுவந்தார். “மேடம், இவங்களுக்கு ஜூன்ல இருந்தே தனியா பாக்கணும். ஏழாவது பாடவேளைக்குப் பிறகு அரை மணி நேரம் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கேட்டது கிடைக்கும்படி கால அட்டவணையை மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் அந்த வகுப்பில் அவ்வப்போது இரைச்சல் கேட்கிறது. நான் எழுந்து போவதில்லை. அது அவருடைய வகுப்பு.